ரைட்டர் மேசையும் ஆயுதக் கிடங்கும்



போலீஸ் அமைப்பைப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கில் பேச வாலாஜாபேட்டைக்கு ஏன் வர வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை வந்து முடிந்தது நம் வாலாஜா ரோட்டில்தான். அந்த ரயிலுக்கு முந்தைய ஆண்டுதான், இன்றைய போலீஸுக்கு வித்திட்ட சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. தாசில்தாரிடமே வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் இருந்தன. கிஸ்தி பாக்கி வைத்தவனை அடித்த அதே ஆட்கள்தான் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லியும் அடித்தார்கள். அறிக்கை இதை அம்பலமாக்கிய பிறகே வருவாய்த்துறையிலிருந்து போலீஸைப் பிரித்தார்கள். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் பிறந்தது. வில்லியம் ராபின்சன் தலைமையில் மாகாணம் முழுவதற்கும் ஒரே படை அமைந்தது. நாடு தழுவிய போலீஸ் சட்டம் வந்தது அதற்கு இரண்டாண்டு கழித்து, 1861இல்தான்.

பிரித்தது சரி. ஆனால் கட்டிய கட்டடத்தில் லண்டன் போலீஸின் சாயலைவிட அயர்லாந்துக் கான்ஸ்டபுலரியின் சாயலே தூக்கலாக இருந்தது. துப்பாக்கி, கவாத்து, லைன் வீடுகள், மேலிருந்து வரும் உத்தரவு. அடி உதையை ஒழிக்கப் பிறந்த துறைக்கு இப்படி ஒரு வார்ப்பு அமைந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரசியல் சட்டப்படி போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தேசியப் போலீஸ் என்று ஒன்று நம்மிடம் இல்லை. ஆனால் மத்திய அரசுக்கெனப் படைகள் உண்டு. 1939இல் நீமச்சில் தொடங்கியது இன்றைய சி.ஆர்.பி.எஃப். என்னும் மத்திய ரிசர்வ் போலீஸ் படை. 1969இல் வந்தது சி.ஐ.எஸ்.எஃப். என்னும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. அதன் பயிற்சி மையம் இதே ராணிப்பேட்டை மாவட்டத்தில், தக்கோலத்தில் இருக்கிறது. அதற்கு இப்போது ராஜாதித்த சோழன் பெயர். 949இல் அவன் அங்கே போரில் தோற்று மாண்டவன். பெயர் வைத்தவர்கள் தோல்வியை விட்டுவிட்டு வீரமரணத்தை எடுத்துக்கொண்டார்கள் போலும்! மாநிலத்திலோ ஏ.ஆர். என்னும் ஆயுதப்படை, சிறப்புக் காவல் பட்டாலியன்கள். 303 துப்பாக்கி போய் எஸ்.எல்.ஆர். வந்தது, அதன் பின் இன்சாஸ் வந்தது. படைகளின் சாதனங்களைப் பற்றி நம்மிடம் எழுத்துக்குக் குறைவில்லை.

ஆனால் காவல் நிலையத்துக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் பாரா. உள்ளே நிலைய எழுத்தரான ரைட்டரின் மேசை. ஜி.டி. என்னும் பொது நாட்குறிப்பு, வழக்கு டைரி, ரோந்துப் பட்டா புத்தகம், சம்மன் கட்டு. புகாரோடு வந்தவரிடம் ஏட்டையா முதலில் கேட்பது, "எழுதிக் கொண்டு வந்தீங்களா?" வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த மேசையில் எழுதப்படும் முதல் தாளில். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களுக்குத் தடயவியலாளர் நேரில் வர வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் போன் யாருடையது, சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது, கோப்பு எங்கே தங்கும்? இந்தக் கேள்விகளும் தளவாடப் பட்டியலில் சேர வேண்டியவைதாம்.

2015 ஜூனில் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஆம்பூரில் நடந்ததை இந்த அவையில் பலர் அறிவீர்கள். விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் ஒருவர் பிறகு மருத்துவமனையில் இறந்தார். போலீஸ் அடித்ததுதான் காரணம் என்ற குற்றச்சாட்டு ஊரைக் கொளுத்தியது; வாகனங்கள் எரிந்தன, காவலர்களும் பலர் காயமடைந்தார்கள். பந்தோபஸ்துக்கு லாரி லாரியாகப் படை இறங்கியது. விசாரணை அறையில் எழுந்த சந்தேகத்துக்கு விலை கொடுத்தது தெருவில் நின்ற கான்ஸ்டபிள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையங்களின் வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை எல்லாவற்றிலும் கேமரா வேண்டும் என்றது. இது 1855 சித்திரவதை அறிக்கைக்கு வந்த தாமதமான பதில் என்பேன். தோட்டா துளைக்காத சட்டைக்குச் செலவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. லாக்கப் கேமராவுக்கு முன்னுரிமை வேண்டும் என்பதே என் கட்சி.

இன்னொன்று, மொழி. இலங்கையில் ஒரே ஐ.ஜி.யின் கீழ் நாடு முழுவதற்கும் ஒரே போலீஸ். அங்கே நிலையங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழ் தெரிந்த அதிகாரி இருக்க வேண்டும் என்று 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவே பரிந்துரைக்க வேண்டியிருந்தது. தன் வாக்குமூலத்தைத் தானே வாசிக்க முடியாதவர் எதன் கீழ் கையெழுத்துப் போடுகிறார்? இங்கும் மத்தியப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பு 2024இல்தான் கிடைத்தது.

இந்த இரண்டு நாளில் டிரோன் பற்றியும் முகம் அறியும் மென்பொருள் பற்றியும் பேசுங்கள், தடையில்லை. ஆனால் ரைட்டர் மேசையைப் பற்றிய அமர்வை மாலை ஐந்து மணிக்குத் தள்ளியிருக்கிறார்கள். பாதிப் பேர் பஸ் ஏறியிருப்பார்கள். தலைவர் என்ற உரிமையில் அதை முதல் அமர்வாக மாற்றியிருக்கிறேன். கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.