நாய் தேறிய பிறகு நாம் செய்ய வேண்டியவை



குழுக் கடனில் ஆடு வாங்கினவங்க நம்மில் நிறையப் பேர். ராத்திரி பட்டிக்குக் காவல் யாரு? நம்ம வீட்டு நாய்தான். அதுக்குப் பார்வோ நோய் வந்தால் வாந்தியும் ரத்தப் பேதியுமாகச் சுருண்டு விழுந்துவிடும். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, நாய் எழுந்து வாலாட்டினதும் "அப்பாடா, பிழைச்சுது" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நம்ம வேலை அதோட முடியவில்லை.

தேறின நாய்க்குக் குடல் இன்னும் புண்ணாகத்தான் இருக்கும். குழைந்த சோறும், உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. பால், எண்ணெய்ப் பலகாரம், எலும்பு வேண்டாம். பூச்சி மருந்தும் தடுப்பூசியும் எப்போ என்று டாக்டரிடம் கேளுங்க. பார்வோவில் பிழைத்த நாய்க்கும் வெறிநோய் ஊசி கட்டாயம்.

அதே நோய் அந்த நாய்க்கு மறுபடி வருவது அபூர்வம். ஆனால் தேறின பிறகும் சில வாரம் அதன் மலத்தில் கிருமி வெளியேறும். அதுவரை கட்டியே வையுங்க. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில இடத்தில் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். மனுஷருக்கோ ஆடு மாட்டுக்கோ ஒட்டாது. ஆனால் நம்ம செருப்பிலும் கையிலும் ஏறி, பக்கத்து வீட்டுக் குட்டியிடம் போய்விடும்.

பினாயிலை நம்பாதீங்க. மலத்தை அள்ளி ஆழமாகப் புதைத்து, இடத்தைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்க. பிறகு 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் புது பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, 10 நிமிஷம் ஊற விட்டுக் கழுவுங்க. தட்டுக்கும் சங்கிலிக்கும் இதே முறைதான். பினாயிலையோ ஆசிட்டையோ அதோடு கலக்கக் கூடாது. காயும் வரை நாயை விடாதீங்க. மண் தரையில் பிளீச்சிங் சரியாக வேலை செய்யாது. அதனால் ஊசி போடாத குட்டியை ஒரு வருஷத்துக்கு அந்த வாசலுக்குள் கொண்டுவர வேண்டாம்.

குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் முடியும் வரை. ஒரே ஊசியோடு நிறுத்தினால் பாதுகாப்பு போதாது.

குழுவில் ஒருத்தி தவணை தவறினால் எல்லாரும் பதில் சொல்கிறோம். இதுவும் அப்படித்தான். உங்க நாய்க்குப் பார்வோ வந்தால் மறைக்காமல் தெருவில் சொல்லுங்க. நாலு வீட்டுக் குட்டிகள் பிழைக்கும்.