திருமேனி என்னும் சொல்

உருவத்தைக் குறிக்கும் சிலை என்னும் சொல்லுக்குக் கல் என்பதே மூலப்பொருள். இன்று ‘செப்புச்சிலை’ என்பதும் முரணாகத் தோன்றுவதில்லை. சொல் தன் பிறப்பை மறந்துவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளோ, முதலாம் இராசராசன் காலத்துச் செப்புப் படிமங்களைத் ‘திருமேனி’ என்கின்றன. உயரத்தை முழத்தாலும் விரலாலும் அளந்து குறித்த அக்கல்வெட்டுகளே, அவற்றை நிறுவியதை ‘எழுந்தருளுவித்தல்’ என்று போற்றுகின்றன. மேனி என்றால் உடல். உடல் உயிரை வேண்டும். ஆகவே திருமேனி நீராடும், ஆடை புனையும், உலாப் போகும். அருங்காட்சியகத்தில் அதுவே ‘கலைப்பொருள்’ ஆகிறது. பொருளுக்கு உடையவர் ஒருவர் வேண்டும். திருமேனியோ தானே உடையவர்.

இவ்வேறுபாடு சொல்லாய்வோடு முடிவதன்று. 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் இலண்டன் வரை கடத்தப்பட்டார். அங்கு நடந்த வழக்கில் பத்தூர்க் கோயிலே ஒரு தரப்பாக ஏற்கப்பட்டது. 1991இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்புக் கோயிலுக்குச் சார்பாயிற்று. நடராசர் தாயகம் திரும்பினார்.

கவிஞர்களே, ‘திரும்பியது’ என்பதா, ‘திரும்பினார்’ என்பதா? அந்த விகுதிக்குள் ஒரு மரபின் உரிமை அடங்கியிருக்கிறது.