இளைச்சவளும் செத்தாள், பருத்தவளும் செத்தாள்

(திருத்தணியில் எங்கள் தெரு இரவுப் பள்ளிக்கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சொற்களைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)

கவிதை வாசிக்கணும்னுதான் கூப்பிட்டாங்க. இன்னிக்குக் கவிதை கொண்டாரல. உடம்பின் எடையைப் பற்றிக் கொஞ்சம் பேசிட்டுப் போறேன்.

நான் வங்கியில் எழுத்தராக வேலை செய்கிறவள். எங்கள் கிளையில் நகைக்கடனுக்கு ஒரு தராசு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். மின்விசிறிக் காற்றுகூட மேலே படக்கூடாது. ஒரு மூக்குத்தியை மில்லிகிராம் வரைக்கும் நிறுத்துச் சொல்லும். 2021 மே மாசம் எங்க அக்காவை ஆட்டோவில் தூக்கிப் போட்டு இட்டுக்கினு போனோமே, அங்கே அவளை ஒருத்தரும் தராசில் ஏற்றவில்லை. கண்ணாலேயே நிறுத்தார்கள். "இவ்ளோ வெயிட்ட வச்சிக்கினு இருந்தா எப்பிடிம்மா?" என்று ஒருத்தர் எங்க அம்மாவைக் கேட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அந்த மாசத்தில் எங்கே போயிருந்தாலும் அதே கேள்வி வந்திருக்கும். அங்கேதான் முதல்முதலாக அவளுக்குச் சர்க்கரை 380 என்று தெரிந்தது. நாலாம் நாள் போயிட்டா. வயசு 41.

சாவுக்கு வந்த நம்ம சனமே அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. "துன்னு துன்னே செத்தா." அம்மா இன்னும் அதை மறக்கவில்லை. அதற்காகத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்த ஆள் சொன்னதில் இருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதுதான் டாக்டர்களுக்கே இது உறைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அந்தக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெரியவர்களில், எடை தெரிந்தவர்களை எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் பருத்த உடம்புக்காரர்கள். அதற்கு முன்னால் சளிக்காய்ச்சலுக்கு எடை ஒரு அபாயம் என்று யாரும் பட்டியலில் எழுதி வைத்திருக்கவில்லை. அப்புறம் கொரோனா. இங்கிலாந்தில் 69 லட்சம் பேருடைய மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. அதில் பி.எம்.ஐ. என்கிற கணக்கை எடுத்துக்கொண்டார்கள். எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தால் ரெண்டு தடவை வகுக்கிறது. எனக்கு 71 கிலோ, 154 சென்டிமீட்டர். ஏறக்குறைய 30 வரும். வெட்கம் என்ன, சொல்லிட்டேன். அந்த எண் 23க்கு மேலே ஒவ்வொன்றாக ஏற ஏற, ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் 5 சதவீதமும் தீவிர சிகிச்சைக்குப் போகும் அபாயம் 10 சதவீதமும் கூடிக்கொண்டே போனது. சர்க்கரை மாதிரியான நோய்களைக் கழித்துப் பார்த்தாலும் கூடுதல் நின்றது. நாற்பது வயசுக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத்தான் இது இன்னும் கடுமை.

ஏன் என்பதற்கு அக்காவே சாட்சி. மல்லாந்து படுக்கும்போது வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை, அதான் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசையை, மேலே தள்ளுகிறது. நுரையீரலின் அடிப்பாகம் விரியாது. ஏற்கெனவே சளியும் நீரும் கட்டின நுரையீரல். "படுக்கவே முடியலடி, உக்கார வையி" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். குப்புறப் படுக்க வைத்தால் பின்பக்க நுரையீரல் திறந்து மூச்சு கொஞ்சம் நன்றாக ஏறும். பருத்த ஆளைத் திருப்ப நாலு பேர் வேணும். அந்த வார்டில் நாலு பேர் எங்கே இருந்தார்கள்? இது போகக் கொழுப்பு சும்மா கிடக்கும் சதை கிடையாது. அழற்சியைக் கிளப்பும் பொருள்களை அதுவே சுரந்துகொண்டிருக்கிறது. கிருமி உள்ளே வரும்போது உடம்பு ஏற்கெனவே ஒரு சண்டையில் இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை யாரும் சாவு வீட்டில் சொல்லுவதில்லை. எண் 20க்குக் கீழே இறங்கினாலும் சேர்க்கையும் சாவும் ஏறுகின்றன. இளைச்ச உடம்புக்கு இருமித் தள்ளத் தசை பலம் இல்லை, எதிர்த்து நிற்கும் அணுக்கள் குறைவு, காய்ச்சல் எரித்துத் தின்ன உள்ளே இருப்பும் இல்லை.

இந்தப் பக்கம் எங்க ஆயாவுக்குத் தெரியும். ஆயாவோட ஆயா விஷக்காய்ச்சலில் செத்தவள். கைக்குழந்தையை விட்டுட்டுப் போனாளாம். 1918. அப்போது நம்ம பக்கம் சென்னை மாகாணம். பிறகு சித்தூர் மாவட்டம் என்று ஆந்திராவில் இருந்தது, 1960இல்தான் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கு எவ்வளவோ சண்டை நடந்தது. எங்க தெரு எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஊருக்கு வெளியிலேதான் இருந்தது, அது வேற கதை. அந்த வருசம் மழை பொய்த்தது, உலக யுத்தம், தானிய விலை ஏறிக் கிடந்தது. கஞ்சிக்கு இல்லாத உடம்புகளின்மேல் காய்ச்சல் வந்து விழுந்தது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடியிலிருந்து 2 கோடி பேர் வரை செத்ததாகக் கணிக்கிறார்கள். அதிலும் 20 வயசுக்கும் 40 வயசுக்கும் நடுவில் இருந்த பெண்கள் நிறைய. கடைசியில் சாப்பிட்டவளும் அவள்தான், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

நம்ம தெருவில் செத்தவர்களை யார் எண்ணினார்கள்? பம்பாய் நகரத்தில் எண்ணினார்கள், சாதிவாரியாக. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. சாதி இந்துக்கள் 18.9. கீழ்ச்சாதி இந்துக்கள் என்று அவர்கள் எழுதி வைத்த நம்ம ஆட்கள் 61.6. நெருக்கடியான குடிசை, கவனிக்க ஆள் இல்லாதது, எல்லாமும் இந்த எண்ணில் சேர்ந்திருக்கிறது, பட்டினியும் சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு நாம் மெலிந்ததற்காகச் செத்தோம். நூறு வருசம் கழித்துப் பருத்ததற்காகச் செத்தோமாம்.

ரெண்டும் வேற வேற இல்ல, தோழர்களே. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து 2003இல் எழுதினார்கள். புனே பக்கத்துக் கிராமத்துக் குழந்தை சராசரி 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் குழந்தை 3.5 கிலோ. நம்ம குழந்தைக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் உறுப்புகள் சிறிசு. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவே இல்லை. பார்க்க மெலிசு, உள்ளே கொழுப்பு. தாய் பட்டினி கிடந்த கர்ப்பத்தில் குழந்தை கற்றுக்கொள்கிற பாடம் அது: கிடைத்ததைச் சேர்த்து வை. பிற்பாடு சோறு கிடைக்கும்போது அந்த உடம்பு வயிற்றைச் சுற்றிச் சேர்க்கிறது, சர்க்கரை சீக்கிரம் வருகிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு 25லேயே பருமன் என்று 2009இல் கோடு போட்டார்கள். வெள்ளைக்காரருக்கு அது 30.

அக்கா பிறந்தபோது ரெண்டே கால் கிலோ. அம்மா சொல்லும், அப்போ நடவு வேலை இல்ல, ஒரு வேளை கேழ்வரகுக் கூழுதான்னு. வளர்ந்து மலையடிவாரத்தில் லாட்ஜ் அறை கூட்டும் வேலைக்குப் போனாள். விடியற்காலையிலிருந்து நின்ற கால். மேலே கோயிலுக்கு 365 படி என்பார்கள், ஆடிக் கிருத்திகை நாளில் அவள் ஏறி இறங்கின லாட்ஜ் படியை எண்ணினால் அதைத் தாண்டும். காலையில் டீயும் பன்னும், மதியம் யாத்ரீகர் மீதம் வைத்த புளிசோறு, ராத்திரி ரேஷன் அரிசி. 2011லிருந்து அரிசி இலவசம், 2007லிருந்து பாமாயிலும் பருப்பும் மலிவு விலையில். நான் ரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாம நாங்க இல்ல. ஆனா முட்டையும் கீரையும் பழமும் எந்தக் கடையில் மலிவு? தமிழ்நாட்டுப் பெண்களில் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள் 2015-16 கணக்கெடுப்பில் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். அதே கணக்கெடுப்பில் 12.6 சதவீதம் பெண்கள் மெலிந்தே இருக்கிறார்கள். ஒரே தெருவில், சில வீட்டில் ஒரே பாயில், ரெண்டு பேரும் படுத்திருக்கிறார்கள்.

வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அக்கா மே மாசம் போயிட்டா.

அந்த வருசம் என் மேசைக்கு வந்த இறப்புச் சான்றிதழ்கள் நிறைய. அப்போது 330 ரூபாய் கட்டின காப்பீட்டில் ரெண்டு லட்சம் வந்தது, அந்த விண்ணப்பத்தை நிரப்புவது என் வேலை. மாமாவுக்கும் நான்தான் நிரப்பினேன். பேர், வயசு, நாமினி, சாவுக்குக் காரணம். அதில் எடை கேட்கும் கட்டம் இல்லை. பிறந்த எடையைக் கேட்கும் கட்டம் எங்கேயும் இல்லை.

சரி. பின்னாடி மேசைமேல் ஒரு எடை மெஷின் இருக்கு, தையக்கடை அண்ணன்கிட்ட வாங்கின டேப்பும் இருக்கு. தொப்புள் மட்டத்துக்கு இடுப்பை அளக்கணும். பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 90. அதைத் தாண்டினவங்க, மெலிசா இருந்தாலும் சரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பாத்துடுங்க. ரொம்ப இளைச்சவங்களும் போங்க. காய்ச்சலும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தா நாலு நாள் கஷாயத்தில் ஓட்டாதீங்க. எடையை யாரும் சத்தம் போட்டுப் படிக்கக் கூடாது. சீட்டில் எழுதி அவங்கவங்க கையில் மடிச்சுக் குடுத்துடலாம். முதல்ல நான் ஏறுறேன். அம்மா, நீ எனக்கு அப்புறம் வா.