பதினான்கு சாவிகள், ஒரு கூரை
(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். வட்டிக் கணக்கைத் தவிர எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: செட்டிநாட்டு வீடுகள். வங்கி வேலையில் எண்பதுகளில் காரைக்குடிக்கு மாற்றலாகிப் போய், நான்கு வருடம் அப்படி ஒரு வீட்டின் முகப்பு அறையில் வாடகைக்கு இருந்தேன்.

மதுரை திருமலை நாயக்கர் மகால் பார்த்திருப்பீர்கள். 1636-ல் ஒரு அரசர் கட்டியது. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் இருப்பவை அரண்மனை மாதிரி இருந்தாலும் அரசர்கள் கட்டியவை அல்ல. கடல் தாண்டிப் போய் வட்டிக்கடை வைத்த நகரத்தார் கட்டியவை. பெரும்பாலும் 1850-க்கும் 1940-களுக்கும் இடையில் எழும்பியவை.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முதலில் முகப்பும் திண்ணையும். வரவு செலவும் வியாபாரப் பேச்சும் அங்கேதான். அடுத்து வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் சமையல் கட்டுகள். வாசலில் நின்று பார்த்தால் கொல்லை வரை நேர்கோட்டில் தெரியும்.

தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்தும், கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும் வந்தன. மாடி முகப்பில் ஐரோப்பிய பரோக் அரண்மனை போலத் தூணும் வளைவும் சுதைப் பூவேலையும் இருக்கும். அவற்றின் நடுவே கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள். தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் சேர்த்துக் கையாலேயே செய்வது. சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து. அதில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேரும். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெல்லம் காய்ச்சும் ஊர்க்காரர்கள் நாம். வெல்லம் சுவரையும் பிடித்து நிறுத்தும் என்று எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது!

பணம் எங்கிருந்து வந்தது? பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-ல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம்தான் கைக்கு வந்தது. சில வருடங்களில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி அவர்கள் பெயரில் இருந்தது. கணக்கில் அது சொத்து. ஆனால் நிலத்தைக் கப்பலில் ஏற்ற முடியுமா? 1942-ல் ஜப்பான் படை வந்தபோது பலர் கட்டிய துணியோடு ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மா 1948-ல் நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. ஊரில் வீடு மிஞ்சியது. அதைப் பராமரிக்கிற வருமானம் போயிற்று.

நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் 'வேறு வைப்பார்கள்'. ஒரே வீட்டுக்குள்ளேயே தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. முற்றமும் முகப்பும் கூரையும் எல்லோருக்கும் பொது. நம் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதியிருக்கிறதே, கிட்டத்தட்ட அதேதான்.

நான் குடியிருந்த வீட்டுக்குப் பதினான்கு பங்காளிகள். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. சென்னையில் சிலர், மலேசியாவில் சிலர். வளவுக் கூரையில் இரண்டு சரிவும் சேரும் மூலையில் நாட்டு ஓடு நாலைந்து உடைந்திருந்தது. வீட்டைப் பார்த்துக்கொண்ட ஆச்சி எல்லோருக்கும் கடிதம் போட்டார்கள். "அந்த மூலை என் அறைக்கு மேலே இல்லையே" என்று ஒருவர் எழுதினார். "மற்றவர்கள் கொடுத்தால் நானும் கொடுக்கிறேன்" என்று நான்கு பேர். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. ஆச்சி அந்த இடத்தில் ஒரு பித்தளை அண்டாவை வைத்தார்கள். மழை பெய்தால் இரவெல்லாம் சொட்டுச் சத்தம் கேட்கும்.

ஓய்வு பெற்ற பின் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை, வெறும் மனை. தண்ணீர் இறங்கி உத்திரம் உளுத்து, வளவு சரிந்த பிறகுதான் பதினான்கு பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்களாம், விற்பதற்கு. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அன்று ஏராளமான கதவு நிலைகள் சாத்தி வைத்திருந்தன. அவற்றில் எங்கள் வீட்டுடையது எது என்று தேடினேன். அடையாளம் தெரியவில்லை.

2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. சந்தோஷம்தான். ஆனால் எந்தப் பட்டியலும் ஓடு மாற்றித் தராது. இன்று நன்றாக நிற்கிற வீடுகளில் பெரும்பாலும் பங்காளிகள் கூடிப் பேசுகிறார்கள், பொதுச் செலவுக்கு ஒரு தொகை வைத்திருக்கிறார்கள்.

நம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு விரிசல் இருக்கிறது. மேல் மாடிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். "எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே" என்று கீழ்த் தளத்தில் இருக்கிற நானே போன கூட்டத்தில் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் அந்த அண்டாச் சத்தம் ஞாபகம் வந்தது. என் பங்கை நேற்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கிக்கொண்டேன்; வங்கிப் பழக்கம் போகாது.