சட்டத்தரணியிடம் போகும் முன்



இடம்பெயர்ந்தபோது காணி உறுதி தொலைந்துவிட்டதா? கலங்க வேண்டாம். உறுதி தொலைந்தால் காணி தொலைந்துவிடாது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். அங்கே தேடிப் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

உங்கள் வளவில் வேறொருவர் குடியிருக்கிறாரா? சண்டைக்குப் போகாதீர்கள், சட்டத்தரணியிடம் போங்கள். பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்கு உதவவென்றே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

யாரிடம் போனாலும் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. மூலப் பத்திரம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள். விளங்காததை விளங்கும்வரை கேளுங்கள். காணி உங்களுடையது, கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையதே.