கல்லை எறிஞ்சது இருட்டுதான் சார்



எனக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். தலைவர் இப்பவே கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்! மம்சாபுரத்துக்காரங்க பேச்சுக்குப் பாதியில எந்திரிக்கிறவங்க இல்ல. (கைதட்டல்)

தலைப்பு 'சமாதானம் பண்ணுகிறவர்'. இந்த ஊர்ப்பக்கம் அப்படி ஒருத்தர் எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்குக் காலையில என் வீட்டு வாசல்ல வந்து நின்னு சத்தம் போடுவார். அவர்கிட்ட பிறகு வர்றேன்.

முதல்ல தேவசகாயம். ஆர்.சி. புனிதரைப் பத்தி சி.எஸ்.ஐ. மேடையில பேசலாமான்னு ஒரு நண்பர் ராஜபாளையத்துல இருந்து வர்ற வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தார். அய்யா, அடிபட்டவன் முதுகுல ஆர்.சி., சி.எஸ்.ஐ.ன்னா எழுதியிருக்கும்?

1712-ல நட்டாலத்துல பிறந்தப்போ அவர் பேரு நீலகண்டன். பத்மநாபபுரம் அரண்மனையில உத்தியோகம். குளச்சல் போர்ல மார்த்தாண்டவர்மா மகாராஜாகிட்ட பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய்தான் அவருக்கு பைபிள்ல வர்ற யோபுவோட கதையைச் சொன்னார். மாடு போச்சு, மக்க போச்சு, மேலெல்லாம் புண்ணு. கேட்டுக்கிட்டிருந்த மனுஷனுக்குத் தன் மேலும் புண்ணு காத்திருக்குன்னு தெரியாது. 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், தேவசகாயம்னு பேரு. அப்புறம், தள்ளி நில்லுன்னு சொல்லப்பட்ட சனங்களோட சரிசமமா உட்கார்ந்து பழகினார். சாமி மாறினதைக்கூட விட்டிருப்பாங்க, பந்தி மாறினதைத்தான் தாங்க முடியலை. இது என் கணக்கு. விலங்கு போட்டு, எருமை மேல ஏத்தி ஊர் ஊரா இழுத்தாங்க. புண்ணுல மிளகாய்ப்பொடி. மூணு வருஷம் போல! 1752 சனவரி 14-ல, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுட்டாங்க. 2022-ல ரோமாபுரியில புனிதர் பட்டம் கொடுத்தாங்க. அந்தப் பட்டம் கொடுக்கும்போது பேருக்குப் பின்னால இருந்த சாதிப் பட்டத்தைக் கழட்டிட்டாங்க, பாருங்க! (கைதட்டல்)

கைதட்டாதீங்க, அதுக்குள்ள கைதட்டாதீங்க. அவர் ஞானஸ்நானம் எடுத்த அதே வடக்கன்குளத்துல 1872-ல ஒரு கோயில் கட்டினாங்க. ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மத்தவங்களுக்கு இன்னொரு பக்கம். நடுவுல சுவர்! பீடம் ஒண்ணு, அப்பம் ஒண்ணு, சுவரும் ஒண்ணு. 1910-ல பாதிரிமார் இடிச்சாங்க. உடனே என்ன செஞ்சாங்க நம்ம ஆளுங்க? கேஸு! மெட்ராஸ் ஐகோர்ட்டு வரைக்கும் போனாங்க. போய்த் தோத்தாங்க.

கோர்ட்டுன்னதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. திருமண்டலத் தேர்தல். எந்தத் திருமண்டலம்னு நான் சொல்லலை, நீங்க ஏன் சிரிக்கிறீங்க? (சிரிப்பு) ஒரு அணி ஸ்டே வாங்குது, இன்னொரு அணி அந்த ஸ்டேயை உடைக்க வக்கீல் தேடுது. ஞாயித்துக்கிழமை ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் 'சமாதானம்'னு கைகுலுக்குது. திங்கக்கிழமை வாய்தா! காணிக்கைப் பையில அஞ்சும் பத்துமா விழுந்த காசு வக்கீல் பீஸா போகுது. இவங்க மைக்கைப் பிடிச்சா, நமக்கு உபத்திரவம், நமக்கு உபத்திரவம்னு ஒரே அழுகை. அண்ணே, உங்களை யாரும் உபத்திரவப்படுத்தலை. எங்களைத்தான் நீங்க படுத்துறீங்க! (நீண்ட கைதட்டல்)

சரி, தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிட்டார். விஷயத்துக்கு வர்றேன்.

பேர் சொல்ல மாட்டேன்னு சொன்னேனே, அவர் ஒரு உபதேசியார். ரெண்டு தெரு அரிவாளோட நின்ன ஒரு ராத்திரி. கரண்டு இல்ல. மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஒரு கையில அரிக்கேன் விளக்கு, இன்னொரு கையில சைக்கிளை உருட்டிக்கிட்டு நடுவுல போய் நின்னார். என்ன பேசினார்ங்கிறீங்க? பிரசங்கமா? "ஏலே, சைக்கிள் செயின் கழண்டுபோச்சு, யாராவது மாட்டிக் கொடுங்கடா"ன்னார். எவனோ விட்ட கல்லு இடது புருவத்தைப் பிளந்துட்டுது. மறுநாள் ஸ்டேஷன்ல கேட்டாங்க, யாருய்யா எறிஞ்சது? அஞ்சு தையலோட உட்கார்ந்துக்கிட்டுச் சொன்னார்: "இருட்டுதான் சார்."

எறிஞ்சவன் யாருன்னு அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்! ஒரு வக்கீல் நண்பர் என்கூடச் சண்டைக்கே வந்துட்டார், அது சாட்சியத்தை மறைக்கிறதுன்னு. சட்டப்படி அவர் சொல்றது சரி. ஆனா அந்தப் புருவத்தைப் பார்த்தா எனக்குச் சட்டம் பேச வாய் வரலை.

இதே மாதிரி இன்னொருத்தர், ஒரிசாவுல இருந்த ஆஸ்திரேலியாக்காரங்க கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா. 1999 சனவரியில மனோகர்பூர்ல வண்டியில தூங்கிக்கிட்டிருந்த புருஷனையும், பத்து வயசு பிலிப்பையும், ஆறு வயசு திமோத்தியையும் உயிரோட கொளுத்தினாங்க. மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டு அந்தம்மா ஆஸ்திரேலியாவுக்குப் பிளேன் ஏறலை. அஞ்சு வருஷம் அங்கேயே இருந்து, பாரிபடாவுல தொழுநோயாளிகள் இல்லத்தை நடத்தினாங்க. கொன்னவனுக்குக் கோர்ட்டு ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. அது கோர்ட்டு வேலை. கட்டுத் துணி மாத்துறது தன் வேலைன்னு அந்தம்மா இருந்தாங்க.

நம்ம உபதேசியாரும் அப்படித்தான். இப்பக்கூட கடைசி வரிசையில... திரும்பாதீங்க! திரும்பாதீங்கன்னேன்ல! பாருங்க, எந்திரிச்சு வெளியே போறார். யாராவது பிடிங்க அவரை.

அசன விருந்துக்கு அண்டா இறக்கிட்டாங்க, வாசனை வருது. நான் முடிச்சுக்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். போன வருஷம் இதே பந்தல்ல எந்தத் தெருக்காரங்க எந்தப் பக்கம் உட்கார்ந்தாங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இன்னைக்கு வடக்குத் தெருக்காரங்க தெற்கால வந்து உட்காருங்க. எனக்கு அந்த உபதேசியார் பக்கத்துல ஒரு இலை போடுங்க.