இரண்டாங் கூலி
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

உலக வரலாறு உடையார்க்கும் உழைப்பார்க்கும் இடையே நிகழும் போரே என்பது காரல் மார்க்ஸ் வழியினர் கொள்கை. அதன்கண் உள்ள மெய்ம்மையை யாம் மறுக்கின்றிலம். ஆயினும், அக்கணக்கில் விடுபட்ட ஒன்றைக் கறுப்பின அறிஞர் எடுத்துக் காட்டினர். அதனை நும்முன் வைத்தலே யாம் இன்று மேற்கொண்ட பணி.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1860-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பர் அடிமைகளாய் இருந்தனர். அவர்கள் விளைத்த பருத்தியே இங்கிலாந்தின் நூலாலைகளைப் பெரும்பாலும் ஓட்டிற்று. ஆலையிற் கூலி பெற்றவன் தொழிலாளி எனப்பட்டான்; பருத்திக் காட்டிற் கூலியின்றி உழைத்தவனோ அவ்வரிசையில் வைக்கப்பட்டிலன். டு பாய்ஸ் என்னும் பேரறிஞர் 1935-இல் தாம் வெளியிட்ட நூலில் இப்பிழையைத் திருத்தினார். 1861-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அடிமைகள் பண்ணைகளை விட்டு வடவர் படையை அடைந்தமையை அவர் பொது வேலைநிறுத்தம் என்றே பெயரிட்டார்.

அற்றேல், ஏழை வெள்ளையர் ஏழைக் கறுப்பரோடு ஏன் கைகோத்திலர்? விடையும் அவரே தந்தார். வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்த காசு சிறிதே. ஆனால் அதனோடு மற்றுமொரு கூலி கிடைத்தது. தெருவில் மதிப்பு, நல்ல பள்ளி, வாக்குரிமை, யாவற்றினும் மேலாக 'யான் அவனினும் உயர்ந்தவன்' என்னும் மனநிறைவு! இவ்விரண்டாங் கூலியால் முதலாளிக்கு இழப்பில்லை. இருவர் காசுக்கூலியும் தாழ்ந்தே நின்றது.

மார்த்தினீக் தீவின் கவிஞர் எமே செசேர் 1956-இல் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியினின்று விலகினார். கறுப்பர் போராட்டம் பிரெஞ்சுத் தொழிலாளர் போராட்டத்தின் ஒரு துண்டு அன்று என்பது அவர் வாதம். செட்ரிக் ராபின்சன் 1983-இல் ஒருபடி மேற்சென்றார். முதலாளியம் பிறப்பு வேற்றுமைகளைக் கரைத்து யாவரையும் ஒருநிகர்த் தொழிலாளர் ஆக்கவில்லை. ஐரோப்பாவில் முன்னரே நிலவிய இன வேற்றுமையைக் கருவியாகக் கொண்டே வளர்ந்தது என்றார்.

இவர்கள் மார்க்சைப் பகைத்தனர் என எண்ணற்க. டு பாய்ஸ் தம் முதுமையில், 1961-இல், பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தார். வறுமை ஒழியின் இழிவும் தானே ஒழியும் என்பதையே இவ்வறிஞர் ஏற்றிலர்.

அம்பேத்கர் 1946-இல் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, தீண்டாமைக்கு உட்பட்டோர் நிலையும் அமெரிக்கக் கறுப்பர் நிலையும் ஒத்திருத்தலைச் சுட்டினார். ஆதலின் இப்பொருள் நமக்கு அயலன்று. பிறப்பின் பெயரால் கூடியிருக்கும் நாம் நம்மையே ஒன்று வினவிக்கொள்ளல் வேண்டும். நம் சங்கம் ஏழை மாணவர்க்குப் புத்தகம் வாங்கித் தருதல் நன்றே. ஆனால், நம்மவருள் கூலிக்கு உழைப்பார் ஒருவர், தம்மினும் தாழ்ந்தவர் எனப் பிறரைக் காட்டி மகிழுங்கால், அவர் பெறுவது எந்தக் கூலி? அது செல்லாக்காசு என்பதை நாம் என்று உணர்வோம்?